மன்னார் முத்துப் பார்கள்: கணக்கு எங்கே பிசகியது?

மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் 1891-க்குப் பிறகு பல ஆண்டுகள் முத்துச் சலாபமே நடக்கவில்லை. அரசுக்கு வருமானம் போச்சு. முத்துக் குளிப்பவர்களுக்குப் பிழைப்பே போச்சு. சிப்பிகள் ஏன் மறைகின்றன என்று கண்டுபிடிக்க லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மனை இலங்கை அரசு அழைத்தது. 1902 ஜனவரியில் அவர் வந்தார். உதவிக்கு ஜேம்ஸ் ஹார்னெல். இந்த ஹார்னெல்தான் பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநர் ஆனவர்.

அவர்களுடைய அறிக்கையை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்டது. அதைப் புரட்டும்போது என்னை நிறுத்தியது ஒரு சொல்: 'பார்'. கடலடியில் சிப்பி ஒட்டி வளரும் பாறைத் திட்டுக்கு நம்மாட்கள் வைத்த பெயர். பெரிய பார், செவல் பார் என்று ஆங்கில அறிக்கை முழுக்க அப்படியே வருகிறது. ஆய்வாளர்கள் போவதற்கு முன்பே அந்தக் கடலடிக்கு வரைபடம் இருந்தது. ஆனால் அது காகிதத்தில் இல்லை, ஆட்களின் தலைக்குள் இருந்தது.

ஹெர்ட்மன் கண்டது என்ன? பெரிய பாரில் குஞ்சுச் சிப்பி கோடிக்கணக்கில் வந்து ஒட்டும். தென்மேற்குப் பருவக்காற்று வந்தால் மணல் நகர்ந்து மூடிவிடும், அல்லது அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சியதை மீன்கள் தின்னும். நெரிசலிலும் சாகும். ஆகவே குஞ்சுகளை அள்ளிப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றுங்கள் என்றார். சுருக்கமாகச் சொன்னால், இது வருஷா வருஷம் விளையும் வயல் இல்லை.

1903-ல் சலாபம் திரும்பியது. 1905-ல் மட்டும் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பிகள் எடுக்கப்பட்டன. வழக்கப்படி மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளிப்பவர்களுக்கு. மறு வருஷமே அரசு பார்களை ஒரு லண்டன் கம்பெனிக்கு 20 ஆண்டு குத்தகைக்கு விட்டது. ஆண்டுக்கு இவ்வளவு என்று நிலையான வாடகை. 1907-ஓடு சிப்பி நின்றுபோனது. கம்பெனியும் மூடப்பட்டது.

சிப்பி ஏன் நின்றது என்பதற்கு இயற்கை, அளவுக்கு மீறி அள்ளியது என்று பல காரணம் சொல்லலாம். எனக்கு உறுத்துவது அந்தக் குத்தகைதான். வரும், வராமலும் போகும் என்று அறிக்கையில் எழுதி வைத்தாயிற்று. அதன் பிறகும் ஒப்பந்தத்தை வருஷா வருஷம் வரும் என்று எழுதினார்கள். ஆய்வு மேசைக்கு வந்தது, ஒப்பந்தத்துக்குள் நுழையவில்லை.

கம்பெனி மூடினால் பங்குதாரருக்கு நஷ்டம், அவ்வளவுதான். சலாபத்தை நம்பிக் கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் தோணி ஏறியவன் அடுத்த வருஷம் என்ன செய்தான்? சிப்பியை ஒவ்வொன்றாக எண்ணிய கணக்குப் புத்தகங்களில் அதற்கு ஒரு பத்தி கூடப் போடவில்லை. கடல் ஆய்வு என்று இன்றைக்கு எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது அந்தப் பத்தியைத்தான்.