12 போர் தோட்டா: கையாளுதலும் பொறுப்பும்

12 போர் தோட்டா என்பது ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் இட்டுச் சுடப்படும், சிறு ஈயக் குண்டுகள் நிறைந்த தோட்டா. திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில் இது வங்கிக் காவலர்கள், ஏ.டி.எம். பண வண்டிகளில் செல்லும் கன்மேன்கள் ஆகியோரின் அன்றாடப் பணியோடு தொடர்புடையது. ஒப்பந்த நிறுவனங்களின் பண வண்டி ஒவ்வொன்றிலும் ஆயுதமேந்திய காவலர் இருவர் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் விதித்தது. துப்பாக்கிக்குப் பாதுகாப்புப் பூட்டு உண்டு, தோட்டாவுக்குக் கிடையாது. ஆகவே கடைசிச் சோதனை அதைக் கையில் எடுப்பவரையே சார்ந்தது.

அமைப்பு

பித்தளை அடிப்பகுதி, அதன் நடுவே தீப்பொறி தரும் கேப், பிளாஸ்டிக் அல்லது அட்டைக் கூடு, உள்ளே வெடிமருந்து, அடைப்பு, ஈயக் குண்டுகள் ஆகியவை இதன் உறுப்புகள். 12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ. குழல் அளவைக் குறிக்கும் போர் எண் கூடக்கூடக் குழல் குறுகும். 20 போர் குழல் சுமார் 15.6 மி.மீ. மட்டுமே.

முக்கிய ஆபத்துகள்

தோட்டா மாறிப்போவதே மிகக் கொடியது. 20 போர் தோட்டா 12 போர் துப்பாக்கியில் வழுக்கி உள்ளே சென்று குழலில் சிக்கிக்கொள்ளும். தோட்டா இடும் அறை காலியாகத் தெரிவதால் அடுத்த தோட்டாவை இட்டுச் சுட்டால் குழலே வெடித்து, பிடித்திருக்கும் கை சிதையும். 20 போர் கூட்டுக்கு மஞ்சள் நிறம் தரும் வழக்கம் இதைத் தடுக்கவே வந்தது. இருவகைத் தோட்டாக்களையும் ஒரே பையில் வைக்கவே கூடாது.

விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலை ஆளில்லாத திசையிலேயே 30 விநாடி வைத்திருந்து, பிறகே திறக்க வேண்டும். மருந்து தாமதமாகப் பற்றக்கூடும். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால், உடனே நிறுத்தித் தோட்டாக்களை அகற்றிக் குழலில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடலோர ஈரப்பதத்தில் பித்தளை களிம்பேறும். அட்டைக் கூடு உப்பும். அத்தகைய தோட்டாவைச் சுடக் கூடாது, எண்ணெய் தடவித் துடைக்கவும் கூடாது. உலர்ந்த இடத்தில், துப்பாக்கியிலிருந்து தனியே பூட்டி வைப்பதே முறை.

சட்டம்

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா மட்டும் வைத்திருப்பதும் குற்றமே. எத்தனை தோட்டா வாங்கலாம் என்பது உரிமத்திலேயே குறிக்கப்படும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சியை வலியுறுத்துகின்றன. கொண்டாட்டத்தில் பொறுப்பின்றிச் சுட்டு உயிருக்கு ஆபத்து விளைவித்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். உரிமதாரர் இறந்தால் குடும்பத்தார் துப்பாக்கியோடு மிச்சமுள்ள தோட்டாக்களையும் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும்.

பழைய இரும்பில் தோட்டா

கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகள் பழைய இரும்பை உருக்குபவை என்பதால், துப்பாக்கியையே தொடாத தொழிலாளருக்கும் இந்த அறிவு தேவை. 2004 செப்டம்பர் 30 அன்று, காசியாபாத் அருகே சாகிபாபாத்தில் உள்ள உருக்காலையில், இறக்குமதியான பழைய இரும்பில் கலந்திருந்த வெடிகுண்டு வெடித்து 10 தொழிலாளர்கள் இறந்தனர். அதன்பின் இறக்குமதிச் சோதனை கடுமையாக்கப்பட்டது. ஆனாலும் குவியலைப் பிரிப்பவரின் கண்ணே கடைசிக் காவல். தோட்டாவோ குண்டோ தென்பட்டால் அதைத் தட்டவோ வெட்டவோ இடம் மாற்றவோ கூடாது. வேலையை நிறுத்தி, ஆட்களை விலக்கி, காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். தினக்கூலித் தொழிலாளி ஒருவர் அப்படி நிறுத்தச் சொன்னாலும் உலைப்பணி நின்றாக வேண்டும். அந்த உரிமையை அவருக்குத் தருவதும், அதற்காகக் கூலியைப் பிடிக்காமலிருப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பு.