புத்தளத்து மாணவருக்கு ஆலோசனை எப்போது கிடைக்கிறது? உள்வாரிப் படிப்பும் திறந்த பல்கலைக்கழகமும்

புத்தளம் கரையோரத்துப் பிள்ளைகள் பட்டப்படிப்புக்குப் போக முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. உயர்தரத்தில் எடுத்த இசட் புள்ளியோடு ஒலுவிலுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ குளியாப்பிட்டிக்கோ உள்வாரி மாணவராகப் போவது ஒன்று. வேலையை விடாமல் திறந்த பல்கலைக்கழகத்தில் பதிந்து படிப்பது மற்றது. செலவையும் பட்டத்தின் மதிப்பையும் வைத்து இவை இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மாணவருக்குப் படிப்பைப் பற்றி ஆலோசனை சொல்வது யார், அது எந்த நேரத்தில் வருகிறது என்று பார்த்தால் வேறொரு வித்தியாசம் தெரியும்.

உள்வாரி மாணவரின் மிகப் பெரிய முடிவு பல்கலைக்கழக வாசலை மிதிக்குமுன்பே முடிந்துவிடுகிறது. பெறுபேறு வந்தபின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வைத்துக்கொண்டு விண்ணப்பம் நிரப்புகிறார்களே, அதுதான் அந்த முடிவு. ஒவ்வொரு பாடநெறிக்கும் ஓர் எண் உண்டு. 001 என்றால் மருத்துவம். அதன் பின்னால் வரும் எழுத்து எந்தப் பல்கலைக்கழகம் என்று காட்டும். இந்தக் குறியீடுகளை விருப்ப ஒழுங்கில் அடுக்க வேண்டும். மேலிருந்து கீழாகப் பார்த்து, மாணவரின் புள்ளி எட்டுகிற முதல் இடத்தில் தெரிவு நின்றுவிடும். ஆகவே ஐந்தாவதாக எழுத வேண்டியதை நான்காவதாக எழுதினால் வாழ்க்கையே வேறு திசையில் போகும். பதிவு செய்தபின் அடுத்த வருடம் இன்னொரு பாடநெறிக்கு விண்ணப்பிக்கும் வழியும் அநேகமாக அடைபட்டுவிடும். உளச்சார்புப் பரீட்சை கேட்கும் பாடநெறிகளுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாகவும் விண்ணப்பிக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் குறியீட்டை எழுதியும் பயனில்லை.

இவ்வளவு நுணுக்கமான வேலைக்கு உதவுகிறவர்கள் யார்? ரியூசன் சேர், போன வருடம் கம்பஸ் போன பக்கத்து வீட்டு நாநா, இணையத்தில் விண்ணப்பம் அனுப்பிக் கொடுக்கும் கொம்யூனிகேஷன் கடைக்காரர். அக்கறையில் இவர்களுக்குக் குறை சொல்ல முடியாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே குடியேறிய குடும்பங்களிலும், உடப்பு, கற்பிட்டி போன்ற மீன்பிடி ஊர்களிலும், வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைக்கு இவர்களை விட்டால் ஆளில்லை. ஆனால் அக்கறை வேறு, விபரம் வேறு. பெரும்பாலான பாடநெறிகளில் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. அந்தப் பதினாறில் புத்தளமும் ஒன்று. கொழும்பில் படித்த மச்சானின் புள்ளியோடு ஒப்பிட்டு "உனக்குக் கிடைக்காது" என்று சொல்லும் ஆலோசனை இங்கேதான் தவறுகிறது. பார்க்க வேண்டியது புத்தளம் மாவட்டத்தின் சென்ற வருட வெட்டுப்புள்ளியை.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. மாவட்ட எல்லையைத் தாண்டியதும் வருகிற மாகந்துரையில், வயம்ப பல்கலைக்கழகத்தின் கால்நடை, மீன்பிடி, போசாக்கியல் பீடம் இருக்கிறது. களப்பும் இறால் பண்ணையும் பார்த்து வளர்ந்த, உயிரியல் படித்த பிள்ளைக்கு அதைவிடப் பொருந்தும் படிப்பு எது? "கடல் வேலை வேண்டாம் என்றுதானே படிக்க வைத்தோம்" என்று வீட்டில் சொல்வார்கள். மீன்பிடி விஞ்ஞானம் படிப்பது படகில் ஏறுவதற்கு அல்ல என்று எடுத்துச் சொல்ல அந்த நேரத்தில் ஒரு விரிவுரையாளர் அங்கே இல்லை.

விரிவுரையாளர் பிறகு வருகிறார். பீடத்தில் சேர்ந்தபின் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கல்வி ஆலோசகரை ஒதுக்கிப் பட்டியல் ஒட்டுவது வழக்கம். பட்டப்படிப்புகளைத் தரமதிப்பிட 2015இல் வந்த கையேட்டின் எட்டு அளவுகோல்களில் மாணவர் ஆதரவும் ஒன்று. ஆகவே சந்தித்ததற்கான படிவமும் கையொப்பமும் ஒழுங்காகவே இருக்கும். கலைப்பீடத்தில் முதல் வருடப் பாடங்களைத் தெரிவுசெய்யும் வாரங்கள்தான் அந்த ஆலோசகருக்கு மிஞ்சியிருக்கும் நல்ல வாய்ப்பு. சிறப்புப் பட்டம் கிடைக்குமா என்பது பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் அதே வாரங்களில் புதியவர்கள் சீனியர்களின் பிடியில் இருக்கிறார்கள். பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998இலேயே வந்தும், எந்தப் பாடம் எடுக்க வேண்டும், எந்த விரிவுரையாளரிடம் பேசக்கூடாது என்பதையெல்லாம் சீனியர்தான் சொல்கிறார். சிங்களமும் ஆங்கிலமும் புழங்கும் வளாகத்துக்குப் போகும் தமிழ்மொழி மூலப் பிள்ளைக்கு ஆலோசகரின் கதவைத் தட்டுவது இன்னும் கஷ்டம்.

1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்தில் நிலைமை வேறு. உயர்தரம் சித்தியடையாதவரும் அடிப்படைப் பாடநெறியில் நுழைந்து பட்டம் வரை போகலாம். பாடங்களை வருடாவருடம் பதிய வேண்டும். எத்தனை பாடம் என்பதையும் பெருமளவு மாணவரே முடிவுசெய்கிறார். கற்பிட்டியில் படிப்பிக்கும் ஓர் ஆசிரியை ஒரே வருடத்தில் 30 கிரெடிட் எடுக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட்டுக்கு 50 மணிநேர உழைப்பு. ஆக 1500 மணிநேரம், வாரத்துக்கு ஏறத்தாழ 29 மணிநேரம். பாடசாலையும் பிள்ளைகளும் வீட்டு வேலையும் போக அவருக்கு அவ்வளவு நேரம் ஏது? தொடர் மதிப்பீட்டில் தேவையான அளவு எடுக்காவிட்டால் இறுதிப் பரீட்சைக்கே உட்கார முடியாது. கட்டிய காசும் போகும். "இந்த வருடம் பாதியை எடுங்கள், டீச்சர்" என்று பதிவு நாளில் ஒருவர் சொன்னால், அந்த ஒரு வசனம் ஒரு வருடத்தைக் காப்பாற்றும்.

அப்படிச் சொல்ல ஆள் எப்போதும் இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. நேரடி வகுப்பான டே ஸ்கூலுக்கு வருகிற விரிவுரையாளர் பாடத்தை முடித்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுகிறார், மாணவரும் அப்படியே. பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகம் 1970களிலேயே பாடம் சொல்பவரையும் ஆலோசகரையும் ஒருவராக்கி, அவர் மாணவரைத் தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. நமக்கு அது கிடைக்கவில்லை. ஆனாலும், ஆலோசனையின் தரத்தை அதனால் எதை மாற்ற முடிகிறது என்பதைக் கொண்டு அளந்தால், திறந்த பல்கலைக்கழகத்தின் அமைப்பே மேலானது என்பேன். அங்கே முடிவு வருடாவருடம் திறக்கிறது. இவ்வருடத்துத் தவறை அடுத்த வருடம் திருத்தலாம். உள்வாரியில் நல்ல ஆலோசகர் இருந்தும், தீர்மானம் முடிந்தபின் வருகிறார்.

ஒலுவிலிலிருந்தும் குளியாப்பிட்டியிலிருந்தும் நான்கு விரிவுரையாளர்கள் பெறுபேற்றுக்கும் விண்ணப்ப முடிவுத் திகதிக்கும் இடையே ஒரு சனிக்கிழமை புத்தளத்துக்கு வரட்டும். ஒரு பாடசாலை மண்டபம் போதும். மாவட்ட வெட்டுப்புள்ளிப் பட்டியலும் உளச்சார்புப் பரீட்சைத் திகதிகளும் கையில் இருக்கட்டும், தமிழில் பேசட்டும், பெற்றோரும் கூட இருக்கட்டும். தரமதிப்பீட்டுப் படிவத்தில் அந்தச் சனிக்கிழமையையும் மாணவர் ஆதரவாகச் சேர்த்துக்கொள்ள ஆணைக்குழு இடம் கொடுத்தால், அவர்கள் வருவதற்கு ஒரு காரணமும் கிடைக்கும்.