ஊர் அறிந்த இரகசியம்

புதுக்கோட்டை ராஜா கல்லூரியில் படிக்க ஒரு பெண் வந்தபோது பலத்த எதிர்ப்பு எழுந்தது. பெண்ணாய்ப் பிறந்தது ஒரு குற்றம். தாயார் தேவதாசிக் குலத்தவர் என்பது இன்னொரு குற்றம்! மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் துணிந்து இடம் கொடுத்தார். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த அந்தப் பெண்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1930-ஐ ஒட்டி, தேவதாசிக் குலத்துச் சிறுமிகள் சிலர் அவருடைய சென்னை வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களுடைய பிறப்பை அறிந்த மாணவியர் விடுதிகள் இடம் தர மறுத்துவிட்டன. அவ்வை இல்லம் தோன்றியது அப்படித்தான்.

ஒருவரைப் பற்றிய ஒரே ஒரு செய்தி எத்தனை கதவுகளை அடைத்துவிடுகிறது, பார்த்தீர்களா? நோயைப் பற்றிய செய்தி இன்னும் பொல்லாதது. அதற்கும் சென்னையிலேயே ஒரு சரித்திரம் உண்டு.

1986-ன் தொடக்கம். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, விபசாரக் குற்றத்துக்காகக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். அதைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பத்திரப்படுத்தினார். பிறகு கணவருடன் காட்பாடிக்கு ரயிலேறி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தார். ஆறு பேருடைய ரத்தத்தில் எச்.ஐ.வி.யின் அடையாளம் தெரிந்தது. இந்தியாவில் அந்தக் கிருமி முதன்முதலாகப் பிடிபட்டது அன்றுதான். அமெரிக்காவில் மறுசோதனை செய்து உறுதியாகும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்று ஏற்பாடு. இரகசியம் நன்றாகவே காக்கப்பட்டது.

ஆனால் யாருடைய இரகசியம்? எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. தாம் சொல்லவில்லை என்று நிர்மலாவே பின்னாளில் ஒளிக்காமல் கூறியிருக்கிறார். அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. நாட்டை விழிக்கச் செய்தவர் அவர். ஆயினும் அடுத்த ஆண்டுகளில் நடந்ததை மறக்க முடியுமா? கிருமி கண்டவர்கள் என்பதற்காகவே, காவல் காலம் முடிந்த பின்னும் சில பெண்கள் சென்னைக் காப்பகத்தில் அடைத்து வைக்கப்பட்டார்கள். சியாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர் வழக்குத் தொடுத்தார்; 1990-ல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அதுவரை அவர்களைப் பூட்டி வைத்திருந்தது ஒரு சோதனைக் காகிதம்!

2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டம், விஷயத்தை விளக்கிச் சம்மதம் பெறாமல் சோதனையோ ஆராய்ச்சியோ கூடாது என்கிறது. இப்போது ஆராய்ச்சிக்காரர்கள் பெயருக்குப் பதில் எண்ணை எழுதி, எந்த எண் யாருடையது என்னும் பட்டியலைத் தனியே பூட்டி வைக்கிறார்கள். அது மட்டும் போதுமா? கதை எழுதுகிறவனுக்குச் சந்தேகம்தான். பாத்திரத்தின் பெயரை மாற்றிவிட்டு எத்தனை தடவை நான் அகப்பட்டுக்கொண்டிருக்கிறேன்! திருமயம் பக்கத்துச் சிற்றூர், முப்பது வயது, கணவனை இழந்தவள், தையல் வேலை என்று எழுதினாலே போதும். அந்த ஊர் டீக்கடையில் மீதியைச் சொல்லிவிடுவார்கள்.

ஆகவே, ரத்தமும் விவரமும் கேட்டு யாரேனும் உங்கள் வாசலுக்கு வந்தால், தாராளமாகக் கொடுங்கள். கொடுக்குமுன், எதற்கு, யார் பார்ப்பார்கள், என் பெயர் எங்கே இருக்கும் என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள். காப்பகத்துப் பெண்களுக்கு அப்படிக் கேட்கலாம் என்று சொல்லக்கூட அன்று ஒருவரும் இல்லை.