திமிங்கிலத்தின் தொலைந்த கால்கள்

வட அமெரிக்கக் கருங்கரடி ஒன்று வாயை அகலத் திறந்தபடி மணிக்கணக்கில் நீந்திப் பூச்சி பிடித்ததாம். அந்தப் பழக்கம் தொடர்ந்தால் கரடியினமே தலைமுறைகள் போக்கில் திமிங்கிலம் போன்ற பிராணியாகிவிடலாம் என்று 1859இல் டார்வின் எழுதினார். கேலி கிளம்பியது, அடுத்த பதிப்பில் ஊகத்தை வெட்டிவிட்டார். பாவம், காலுள்ள திமிங்கிலம் ஒன்றைக் காட்ட அன்று யாரிடமும் எலும்பில்லை.

எலும்பு புதைபடிவமாக மிஞ்ச, இறந்த விலங்கு சிதறுமுன் சேறு மூட வேண்டும். சேறு பாறையாகி, அரிப்புக்குத் தப்பி, மனிதர் கண்ணில் படவும் வேண்டும். இத்தனையும் கூடிவருவது அபூர்வம். பாறைப் பதிவில் இடைவெளிகள் விழுவது அதனால்தான்.

திமிங்கிலத்துக்கு அது கூடிவந்தது டெத்திஸ் என்ற பழங்கடலின் கரையோரப் படிவுகளில். பாகிஸ்தானில் சுமார் 5 கோடி ஆண்டுப் பழைய, நான்கு காலில் நடந்த பாகிசீட்டஸ் என்ற ஆதித் திமிங்கிலம் கிடைத்தது. ஜம்முவின் காலாகோட் கதை இன்னும் சுவையானது. புவியியலாளர் ஏ. ரங்க ராவ் அங்கே சேகரித்த பாறைக் கட்டிகள் பல, அவர் இறந்த பிறகும் பிரிக்கப்படாமலே கிடந்தன. அவர் மனைவி வழியாக அவை ஆய்வாளர் தெவிஸ்ஸனிடம் சேர்ந்தன. செதுக்கும்போது கைதவறி ஒரு மண்டையோட்டின் காதெலும்பு உடைந்தது. அதன் உட்சுவர் தடித்திருந்தது. திமிங்கிலக் குடும்பத்தின் முத்திரை அது! இண்டோஹையஸ் என்ற அந்தப் பூனையளவுக் குளம்பு விலங்கு திமிங்கிலத்தின் பாட்டன் அல்ல, பங்காளி. 2007இல் செய்தி வெளியானது. இடைவெளியில் ஒரு பகுதி கிடங்கில் அல்லவா இருந்திருக்கிறது!

எகிப்தில் கிடைத்த பாசிலோசாரஸ் என்ற பழந்திமிங்கிலத்துக்கு 15 மீட்டருக்கு மேல் நீளம். பின்னங்காலில் முழங்கால் சில்லும் விரலும் உண்டு. உடலைத் தாங்கத்தான் வழியில்லை. பாகிசீட்டஸிலிருந்து பாசிலோசாரஸ் வரை சுமார் 1 கோடி ஆண்டு. பரிணாமக் கணக்கில் இது ஓட்டம்.

ஆனால் எதற்கெடுத்தாலும் பாறையையே பழிப்பது நியாயமல்ல. புதைபடிவ ஆய்வாளர் நைல்ஸ் எல்ட்ரெட்ஜ், ஃபேகாப்ஸ் என்ற ட்ரைலோபைட்டின் (அழிந்துபோன கடல்வாழ் கணுக்காலியின்) கண்களில் வில்லை வரிசைகளை எண்ணினார். படிப்படியான மாற்றத்தைத் தேடியவருக்குத் தென்பட்டது வேறு: வரிசைகள் நெடுங்காலம் 18இலேயே நின்று, பிறகு 17க்குத் தாவின. நீண்ட தேக்கமும் குறுகிய தாவலுமே வழக்கம் என்று 1972இல் அவரும் ஸ்டீபன் ஜே கூல்டும் வாதிட்டார்கள். தாவல் என்றால் ஓரிரவு வேலையல்ல. பல்லாயிரம் ஆண்டுகள் பாறையில் ஒரு விரற்கடைக்குள் அடங்கிவிடலாம்.

அதற்காக அவர்கள் பக்கமே சாய்ந்துவிடவும் முடியாது. கடலடியில் படிவு பெரும்பாலும் அறாமல் சேரும். இந்தியப் பெருங்கடலிலிருந்து துளைத்தெடுத்த அத்தகைய படிவில் குளோபோரோட்டாலியா என்ற நுண்ணுயிரியின் ஓடுகளை மால்ம்கிரென் குழுவினர் அளந்து, 1983இல் வெளியிட்டார்கள். ஓட்டின் வடிவம் சுமார் 6 லட்சம் ஆண்டுகளில் மெல்ல மெல்ல மாறியிருந்தது. அதன்பின் 50 லட்சம் ஆண்டுகள் ஏறக்குறைய அசையவே இல்லை. தாவலோடு சேர்ந்து வரும் என்று கூல்ட் எதிர்பார்த்த, ஓரினம் இரண்டாகும் கிளைப்பிரிவும் அங்கே நடக்கவில்லை. ஒரே வம்சம் அப்படியே உருமாறியிருந்தது.