பதுவை: சுவர்களும் சுதந்திரமும்

கச்சத்தீவுத் திருவிழாவுக்கு இராமேசுவரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படகுகள் புறப்படுகின்றன. அங்கே கொடியேறுவது அந்தோனியாருக்கு. தூத்துக்குடிப் பக்கத்துப் புளியம்பட்டியிலும், கொழும்பு கொச்சிக்கடையிலும் மதம் பாராமல் கூட்டம் கூடுவதும் அவருக்காகவே. கையில் குழந்தை இயேசுவைத் தாங்கி நிற்கும் அந்தத் துறவியைத் தமிழ்க் கிறித்தவர்கள் ‘பதுவை அந்தோனியார்’ என்றே சொல்லி வருகிறார்கள். அந்தப் பதுவை, வெனிசுக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வட இத்தாலிய நகரம். புனிதரை அறிந்த அளவுக்கு அவருடைய ஊரை நாம் அறியவில்லை. மனித அறிவின் வரலாற்றில் ஆர்வமுள்ள எவரும் அறிந்திருக்க வேண்டிய ஊர் அது.

அந்தோனியார் பிறந்தது லிஸ்பனில். பதுவையில் அவர் இருந்தது வாழ்வின் கடைசிக் கட்டத்தில்தான். 1231 ஜூன் 13 அன்று ஊருக்கு வெளியே ஆர்செல்லாவில் இறந்தார். ஓராண்டு நிறையும் முன்பே திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதராக அறிவித்துவிட்டார். தொலைந்த பொருளைத் தேடித் தருபவர் என்று நம் ஊரில் வேண்டிக்கொள்கிறோம். ஆனால் அன்றைய பதுவைக்காரர்களுக்கு அவர் கடன்பட்டவர்களின் பக்கம் நின்ற மனிதர். அது வட்டிக்குப் பணம் கொடுப்பவர்கள் கொழித்த நகரம். கடனைத் திருப்பித் தர முடியாதவன் சிறைக்குப் போனான். அந்தோனியார் வட்டியைக் கண்டித்துப் பேசினார். அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் 1231 மார்ச்சில் நகர ஆட்சி ஒரு சட்டம் செய்தது: சொத்தை ஒப்படைத்துவிட்டவனைக் கடனுக்காகச் சிறையில் அடைக்கக் கூடாது.

நகரின் நடுவே ‘பலாசோ தெல்லா ராஜோனே’ என்ற பெரிய நீதி மண்டபம் இருக்கிறது. கீழ்த்தளத்தில் இன்றும் கடைகள். மேலே, கப்பலைக் கவிழ்த்தாற்போன்ற மரக்கூரையின் கீழ், கருங்கல் பீடம் ஒன்றைப் பார்க்கலாம். கடனாளி உள்ளாடையோடு அதன்மேல் மூன்று முறை உட்கார்ந்தெழுந்து, என் உடைமைகளையெல்லாம் விட்டுவிடுகிறேன் என்று ஊரார் முன்னிலையில் சொல்ல வேண்டும். கொடிய அவமானம்தான். ஆனாலும் அவன் சிறைக்குப் போகாமல் வெளியே நடந்து போனான்.

இதே வட்டிப் பணத்திலிருந்துதான் ஐரோப்பிய ஓவியத்தின் திசையை மாற்றிய சுவர்களும் எழுந்தன. ரெஜினால்தோ ஸ்க்ரோவேஞ்ஞி என்ற பதுவைப் பணக்காரரை, அவர் குடும்பச் சின்னத்தால் அடையாளம் தெரியும்படி, தாந்தே தன் காவியத்தில் நரகத்து வட்டிக்காரர்களின் நடுவே உட்கார வைத்தார். ரெஜினால்தோவின் மகன் என்ரிகோ 1300இல், பழைய ரோமானிய அரங்கம் இருந்த நிலத்தை வாங்கி மாளிகையும் அதை ஒட்டிச் சிறு தேவாலயமும் கட்டினார். தந்தையின் பாவத்துக்குப் பரிகாரமாகக் கட்டினார் என்பதே காலங்காலமாகச் சொல்லப்படும் காரணம். சுவர்களில் தீட்ட வந்தவர் ஃபிளாரன்ஸின் ஜொத்தோ. 1305 மார்ச் 25 அன்று ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது.

ஜொத்தோவுக்கு முந்திய இத்தாலிய ஓவியங்களில் புனிதர்கள் பெரும்பாலும் பொன் பின்னணியில் அசையாமல் நின்றார்கள். இங்கே அவர்களுக்கு எடை வந்தது, துக்கம் வந்தது. வெகுகாலம் பிள்ளையில்லாமல் வாடிய யோவாக்கீமும் அன்னாவும் நகர வாசலில் முகத்தோடு முகம் சேர்த்து முத்தமிடுகிறார்கள். இயேசுவின் உடலைச் சுற்றி அழும் பெண்களில் சிலர் நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். துக்க வீட்டில் எல்லோரும் நம்மைப் பார்த்தா உட்கார்ந்திருப்பார்கள்? அந்த எளிய உண்மையைச் சுவரில் கொண்டுவர ஒரு ஜொத்தோ வேண்டியிருந்தது. பெத்லகேமின் விண்மீனை அவர் வால்வெள்ளியாக வரைந்தார். 1301இல் தோன்றிய ஹேலி வால்வெள்ளியை அவர் பார்த்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். 1986இல் ஹேலியை நெருங்கிச் சென்ற ஐரோப்பிய விண்கலத்துக்கு ‘ஜொத்தோ’ என்றே பெயர்.

இறுதித் தீர்ப்புச் சுவரில் இன்னொன்று உண்டு. நரகத்தில் வட்டிக்காரர்கள் தங்கள் பணப்பைக் கயிற்றிலேயே தூக்கில் தொங்குகிறார்கள். மறுபக்கம், மீட்கப்பட்டவர்களின் வரிசையில், என்ரிகோ மண்டியிட்டு ஆலயத்தின் மாதிரியை மரியாளிடம் நீட்டுகிறார். 1944 மார்ச் 11 அன்று விழுந்த குண்டுகள் பக்கத்து எரெமித்தானி ஆலயத்தில் ஓவியர் மாந்தேஞ்ஞா இளமையில் தீட்டிய சுவரோவியங்களைப் பெரும்பாலும் தூளாக்கின. அது ஈடுசெய்ய முடியாத இழப்பு. ஜொத்தோவின் சுவர்கள் தப்பின. 2021 முதல் நகரின் 14ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன.

இனி பதுவையின் இன்னொரு முகம். 1222இல் பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்து மாணவர்களும் ஆசிரியர்களும் ஒரு கூட்டமாக, சுதந்திரம் தேடி வெளியேறி இங்கே வந்து படிப்பைத் தொடர்ந்தார்கள். அரசரோ திருத்தந்தையோ நிறுவிக் கொடுத்ததல்ல பதுவைப் பல்கலைக்கழகம். தலைவரான ரெக்டரைத் தேர்ந்தெடுத்தவர்கள் மாணவர்கள்.

1405இல் வெனிஸ் குடியரசு பதுவையை விழுங்கியது. நகரம் தன்னாட்சியை இழந்தது. பல்கலைக்கழகம் வலிமையான காவலரைப் பெற்றது. வெனிஸ் வணிகர்களின் அரசு. ஜெர்மானியரோடும் கிரேக்கரோடும் யூதரோடும் துருக்கியரோடும் கொடுக்கல் வாங்கல் செய்த அரசு. ரோமாபுரியின் கை தன் எல்லைக்குள் நீள்வதை அது விரும்பவில்லை. கத்தோலிக்க விசுவாச உறுதிமொழி எடுத்தவர்களுக்கே பட்டம் என்று 1564இல் திருத்தந்தை ஆணையிட்டபோது, பதுவையில் சீர்திருத்தத் திருச்சபை மாணவர்கள் ஏராளம். அவர்களை விரட்ட வெனிசுக்கு மனமில்லை. முதலில் சுற்றுவழிகளில் பட்டம் கொடுத்தார்கள். 1616இல் குடியரசின் பெயரிலேயே பட்டம் வழங்க ஒரு கல்லூரியை அமைத்தார்கள். ஐரோப்பாவின் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கதவைச் சாத்திய காலத்தில் யூத மாணவர்கள் இங்கே மருத்துவப் பட்டம் பெற்றார்கள். அவர்களிடம் கூடுதல் கட்டணம் வாங்கியது பதுவையின் குறை. அதை மறைக்க வேண்டியதில்லை.

ரோமாபுரியின் கை எட்டாத அந்த இடைவெளியில் என்னவெல்லாம் முளைத்தன! வெசேலியஸ் இங்கே தன் கையாலேயே உடல்களை அறுத்துக் காட்டிப் பாடம் நடத்தி, 1543இல் மனித உடலமைப்பைப் பற்றிய மாபெரும் நூலை வெளியிட்டார். 1545இல் மூலிகைகளை இனங்காணப் பழக்குவதற்காகத் தாவரத் தோட்டம் அமைந்தது. முதலில் அமைந்த இடத்திலேயே இன்றும் இயங்கும் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டங்களில் உலகிலேயே மிகப் பழையது இதுவே. 1585இல் நட்ட பனையினச் செடி ஒன்று அங்கே இன்னும் உயிரோடு நிற்கிறது. 1595இல் ஃபாப்ரிசியஸ் ஆசிரியராக இருந்தபோது, ஆறடுக்கு மரவட்டங்களாக உடற்கூறு அரங்கம் எழுந்தது. மாணவர்கள் நெருக்கிக்கொண்டு நின்று, கீழே மேசையில் கிடந்த உடலைப் பார்த்தார்கள். ஃபாப்ரிசியஸ் இரத்தச் சிரைகளுக்குள் இருந்த வால்வுகளை விவரித்தார். அவரிடம் படித்து 1602இல் பட்டம் பெற்ற ஆங்கிலேயர் வில்லியம் ஹார்வி, அந்த வால்வுகளின் பொருளை எண்ணி எண்ணி, இரத்தம் உடலில் சுற்றியோடுகிறது என்று 1628இல் நிறுவினார்.

கலிலியோ 1592 முதல் 1610 வரை இங்கே கணிதம் கற்பித்தார். 1610 ஜனவரியில் வியாழனின் துணைக்கோள்களை அவர் கண்டது பதுவையிலிருந்துதான். அதே ஆண்டு மெதிச்சி அரசவையின் பெருமையை நாடி ஃபிளாரன்ஸுக்குப் போனார். வெனிஸின் காவல் அங்கே இல்லை. 1633இல் ரோமாபுரியில் விசாரணை மன்றத்தின் முன் மண்டியிட்டார். முதுமையில், பதுவையில் கழித்த 18 ஆண்டுகளே தன் வாழ்நாளில் சிறந்தவை என்று ஒரு கடிதத்தில் எழுதினார்.

ஆனால் அந்தச் சுதந்திரம் எல்லோருக்கும் எட்டவில்லை. வெனிஸ் பிரபுவின் மகள் எலெனா கொர்னாரோ பிஸ்கோப்பியா இறையியலில் பட்டம் கேட்டார். பல்கலைக்கழக வேந்தராகவும் இருந்த ஆயர் பர்பாரிகோ, பெண்ணுக்கு இறையியல் பட்டமா என்று மறுத்தார். முடிவில் தத்துவத்தில் தர இணங்கினார்கள். 1678 ஜூன் 25 அன்று, கூட்டம் தாங்காமல் பேராலயத்தில் நடந்த தேர்வில் அரிஸ்டாட்டிலை விளக்கி, 32 வயதில் உலகிலேயே தத்துவ முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் என்று அறியப்பட்டார். 38 வயதில் இறந்தார். இத்தாலியில் அடுத்த பெண்ணுக்குப் பட்டம் கிடைத்தது 1732இல், பொலோஞ்ஞாவில், லாவ்ரா பாஸ்ஸிக்கு.

பதுவை மாணவர்கள் 1848 பிப்ரவரி 8 அன்று வெனிசுக்குப் பின் வந்த ஆஸ்திரிய ஆட்சிக்கு எதிராக எழுந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளையும் பாசிஸ்டுகளையும் எதிர்த்ததற்காக, இராணுவ வீரத்துக்கான தங்கப் பதக்கத்தை இந்தப் பல்கலைக்கழகம் பெற்றது. அதன் ரெக்டர் பொறுப்புக்கு முதன்முறையாக ஒரு பெண், தானியெலா மாப்பெல்லி, தேர்ந்தெடுக்கப்பட்டது 2021இல். எலெனா பட்டம் பெற்று அப்போது 343 ஆண்டுகள் ஆகியிருந்தன.

(தொடரும்)