பசியைப் பெற்ற தாய் பயம்!



சர்வாதிகார ஆட்சியில் சாதாரண மக்களைப் பெரிதும் வாட்டியது பசியா, பயமா என்பது தலைப்பு. பசிதான் என்று எனக்கு முன்னால் பேசிய நண்பர் வயிற்றைத் தடவிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். பாவம், மத்தியானம் சாப்பிடவில்லை போலிருக்கிறது. (சிரிப்பு)

நான் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறேன். ருமேனியா. 1965 முதல் 1989 வரை 24 வருஷம் அங்கே அதிகாரத்தில் இருந்தவர் நிக்கோலாய் சௌசெஸ்கு. வறண்ட நாடா அது? இல்லீங்க. கோதுமை விளைகிற பூமி. பெட்ரோல் கிடைக்கிற மண். அங்கே எப்படி வந்தது பசி?

வெளிநாடுகளில் கடன் வாங்கினார். 1981 வாக்கில் அது சுமார் 1,000 கோடி டாலர். ஒரு காசு பாக்கியில்லாமல் அடைப்பேன் என்று கிளம்பினார். நல்லதுதானே என்பீர்கள். எப்படி அடைத்தார்? ஜனங்கள் சாப்பிட வேண்டியதை ஏற்றுமதி செய்து அடைத்தார். 1981-ல் ரொட்டிக்கு ரேஷன் வந்தது. ஒரு மாதத் தேவைக்கு மேல் வீட்டில் உணவுப்பொருள் சேர்த்து வைத்தால் ஐந்து வருஷம் வரை சிறை என்று சட்டம் போட்டார். மூட்டை கணக்கில் அரிசி வாங்கிப் போடுகிற நம்ம வீட்டம்மா அங்கே இருந்திருந்தால் நேரே ஜெயில்தான்! (சிரிப்பு) பன்றியின் சதை வெளிநாட்டுக்கு, கால் மட்டும் உள்ளூர்க் கடைக்கு. அந்தக் காலுக்கு ஜனங்கள் வைத்த பெயர் ‘அடிடாஸ்’. ஷூ கம்பெனி பெயர்! (சிரிப்பு)

“பார்த்தீர்களா, பசிதானே?” என்று எதிரணி எழுந்திருக்க வேண்டாம். உட்காருங்கள். என் கட்சியே இங்கேதான் ஆரம்பம்.

நம்ம ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்றால் என்ன செய்கிறோம்? கடைக்காரரில் தொடங்கி மந்திரி வரைக்கும் திட்டுகிறோம். திட்டிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்குகிறோம். அங்கே அது முடியுமா? க்யூவில் பின்னால் நிற்பவர் ‘செக்யூரிடாடே’ என்ற ரகசியப் போலீசுக்குத் துப்புச் சொல்பவராக இருக்கலாம். 1983-ல் இன்னொரு சட்டம். டைப்ரைட்டர் வைத்திருப்பவர் போலீசில் பதிவு செய்ய வேண்டும். அதன் எழுத்து மாதிரியையும் கொடுக்க வேண்டும். எதிர்த்து ஒரு துண்டு நோட்டீஸ் வந்தால் எந்த மெஷினில் அடித்தது என்று பிடித்துவிடலாமே!

வீட்டுக்குள்ளும் பயம் நுழைந்தது. மக்கள்தொகையைக் கூட்ட 1966-ல் கருக்கலைப்புக்குத் தடை. பிறகு, வேலை செய்கிற இடத்திலேயே பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை. ரகசியமாகக் கலைக்கப் போய் 9,000க்கும் மேற்பட்ட பெண்கள் செத்தார்கள். ரத்தம் கொட்டும்போதுகூட, ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேட்கும் என்று பயந்தார்கள். ஐயா, அந்தத் தாய்மார்களைக் கொன்றது பசியா? சொல்லுங்கள்! (கைதட்டல்)

1989 ஏப்ரலில் கடன் முழுக்கத் தீர்ந்தது என்று அறிவித்தார். ரொட்டி வந்ததா? வரவில்லை. ரேஷன் அப்படியே நின்றது. ஏன்? “கடன்தான் தீர்ந்ததே, இனி எங்கள் சோறு எங்கே?” என்று கேட்க ஆளில்லை. கேட்கவிடாமல் வாயைக் கட்டியது பயம்!

அந்த டிசம்பரில் டிமிசோரா என்ற ஊரில் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். ராணுவம் சுட்டது. 21-ம் தேதி தலைநகர் புகாரெஸ்டில் அவரே கூட்டம் கூட்டி மாடியில் நின்று பேசினார். கைதட்டுவதற்கென்று அழைத்து வந்த கூட்டம். அதற்குள்ளிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. அவர் திகைத்தார். கையை உயர்த்தினார். சம்பளத்தைக் கூட்டுகிறேன் என்றார். அடங்கவில்லை. மறுநாள் ஹெலிகாப்டரில் ஓடினார். 25-ம் தேதி அவசர விசாரணை, மரண தண்டனை. அந்தப் புரட்சியில் 1,000க்கும் மேற்பட்டோர் உயிர் போனது.

நடுவர் அவர்களே, 20-ம் தேதி இருந்த பசிதான் 21-ம் தேதியும் இருந்தது. ஒரு கவளம்கூடக் கூடவில்லை. போனது பயம் ஒன்றுதான். அது போன மறுநாளே ஆட்சி போனது! (பலத்த கைதட்டல்)

அதனால்தான் வள்ளுவர் கொடுங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வைத்தும் மனம் ஆறாமல், அடுத்ததாகவே குடிகள் அஞ்சும்படி நடக்காதே என்று ‘வெருவந்த செய்யாமை’ வைத்தார். பசித்தவன் சோறு கேட்கலாம். பயந்தவன் எதையுமே கேட்க முடியாது. எனவே பயமே என்று தீர்ப்பளியுங்கள் என வேண்டி அமர்கிறேன்.