பில் இருக்கிற மூட்டையும் நந்தினியும்

எளாவூர் செக்போஸ்ட் தெரியாத லாரி டிரைவர் இந்தப் பக்கம் இருக்க மாட்டார். சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை, தாண்டினா ஆந்திரா. ஜிஎஸ்டி வர்றதுக்கு முன்னாடி சரக்குக்கு பில் காட்டித்தான் போகணும். இந்த மாதிரி சாவடிகளுக்கே உரிய பழைய தந்திரம் ஒண்ணு உண்டு. பில் இருக்கிற மூட்டைகளை வெளியே அடுக்கிட்டு, இல்லாததை நடுவுல வைக்கிறது. முதல் ரெண்டு மூட்டை கணக்குல சரியா இருந்தா, மூணாவதைப் பிரிச்சுப் பார்க்க யாருக்கும் கை வராது.

கல்கி செஞ்சதும் கிட்டத்தட்ட இதுதான். கோபப்படாதீங்க, பாராட்டாத்தான் சொல்றேன்.

'பொன்னியின் செல்வன்' 1950லிருந்து 1954 வரை 'கல்கி' இதழில் தொடரா வந்தது. கதை ஆடிப்பெருக்கு அன்னிக்கு வீராணம் ஏரிக்கரையில் தொடங்குது. ஏரி நிஜம், திருவிழா நிஜம். மதகு எத்தனைன்னுகூட எண்ணிச் சொல்றார்: 74. குதிரையில் வர்ற வந்தியத்தேவன் குந்தவையோட கணவர்னு தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுல இருக்கு. ஆனா அவரோட குறும்பு, பசி, வாய்த்துடுக்கு எதுவும் கல்வெட்டுல கிடையாது.

அதே ஏரிப் பக்கம், காட்டுமன்னார்கோயிலை ஒட்டின உடையார்குடியில் இன்னொரு கல்வெட்டு இருக்கு. ராஜராஜன் காலத்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள்னு சோமன், ரவிதாசன், பரமேசுவரன்னு பேர் சொல்லி, அவங்க குடும்பத்தார் நிலம் பறிபோனதைப் பதிவு பண்ணுது. ஏன் கொன்னாங்க? அதுல இல்லை. நிலக் கணக்கு எழுதினவருக்கு அது தேவைப்படல.

கல்கி அந்த ஓட்டையில்தான் நந்தினியை உட்கார வெச்சார். ஆதித்தனுக்கு 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்கிற பட்டம் உண்டு, அது நிஜம். அந்தத் தலைக்காக அழ ஒரு பெண் இருந்திருந்தா? நிஜமான ரவிதாசன் பக்கத்துல நின்னு கற்பனையான நந்தினி பேசுறா. பில் இருக்கிற மூட்டை பக்கத்துலயே இருக்கே, யார் சந்தேகப்படுவாங்க?

விளைவு என்னன்னா, இன்னிக்கும் சோழர் வரலாறு பேசும்போது நந்தினியை ஆதாரமா இழுக்கிறவங்க இருக்காங்க. இது வரலாற்றுக்கு நஷ்டம்தான், மழுப்ப வேண்டாம். தொடர் முடிஞ்ச காலத்திலேயே வாசகர்கள், இவங்க என்ன ஆனாங்க, அவங்க என்ன ஆனாங்கன்னு பக்கத்து வீட்டுக்காரங்களை விசாரிக்கிற மாதிரி கேட்டாங்க. அதுக்காகவே கல்கி தனியா ஒரு முடிவுரை எழுதினார்.

ஆனா ஒரு இடத்துல அவர் கையைக் கட்டிக்கிட்டார். கடம்பூர் மாளிகையில் விளக்கு அணையுது, ஆதித்தன் சாகிறான். குத்தினது யார்? கடைசி வரைக்கும் கல்கி அதை அடிச்சுச் சொல்லல. கல்வெட்டு மௌனமா விட்ட இடத்துக்குப் பக்கத்துலயே அவரும் இருட்டை வெச்சுட்டார்.